கழுகு சுமந்த கிழங்குக் கடை

வேங்கைக் குளத்தின் கரையில் வாரம் ஒருமுறை விலங்குகளின் சந்தை கூடும். அந்தச் சந்தைக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. மோந்து பார்க்காமல் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள்.

தேன் வாங்க வந்த கரடி தேனடையை மூன்று பக்கமும் மோந்து பார்க்கும். மூங்கிலரிசி வாங்க வந்த காட்டெருமை குவியலுக்குள் மூக்கைப் புதைத்து, ஒரு பெருமூச்சில் பாதி அரிசியை ஊதிப் பறக்கவிட்டு, "பழசு" என்று சொல்லிவிட்டு நகரும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மூக்குக்கு மரியாதை கொடுக்கும் காடு அது.

அந்த வழக்கத்தால் நொடித்துப்போனவள் சிலுப்பி ஒருத்திதான்.

சிலுப்பி ஒரு முள்ளம்பன்றி. குளத்துக்கு மேலே இருந்த கிழங்குச் சரிவைத் தோண்டிப் பிழைப்பவள். சரிவின் அடிவாரத்து வளையில் அவளுக்கு இரண்டு குட்டிகள். அவள் தோண்டும் வள்ளிக்கிழங்கு மாவாக இருக்கும். அவளுடைய தண்ணீர்விட்டான் கிழங்கை ஒரு கடி கடித்தால் கோடைத் தாகம் அடங்கிவிடும். ஆனால் யாராவது மோந்து பார்க்க முகத்தை நீட்டினால் அவள் முள்ளெல்லாம் தானாக எழுந்து நிற்கும். அவளுக்குக் கோபம் இல்லை. கூச்சம்தான். முள்ளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அந்த வாரம் கரடி மூக்காயியின் மூக்கில் ஒரு முள் ஏறிவிட்டது.

"ஐயோ, என் மூக்கு!" என்று மூக்காயி சந்தையே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். "இவள் கிழங்கு விற்க வந்தாளா, ஈட்டி விற்க வந்தாளா?"

சந்தையில் யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிப்பவன் செம்பட்டை என்னும் நரி. அவன் வாலைச் சுருட்டிக்கொண்டு நிதானமாக வந்தான். வரும்போதே முகத்தில் வருத்தத்தைப் பூசிக்கொண்டு வந்தான்.

"சிலுப்பியம்மா, எத்தனை தடவை சொல்வது? இது மூக்குகள் வந்துபோகிற இடம். உன் கடையை மூட்டை கட்டு. இனிமேல் இங்கே உனக்கு இடம் இல்லை."

"சந்தை இல்லாவிட்டால் நான் எங்கே போய் ஊட்டுவேன், செம்பட்டை? சரிவு போய்விடுமே."

"அது எனக்குத் தெரியாதா?" என்றான் நரி.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கிழங்குச் சரிவைத் தோண்டுகிறவர் தான் மட்டும் தின்னக் கூடாது. கோடை முழுவதும் காட்டுக்கு ஊட்ட வேண்டும். முதல் மழை விழும் நாளில் மூத்த யானை பெரியபிடி குளக்கரைக்கு வருவாள். "இவள் தோண்டியதை உண்டீர்களா?" என்று கேட்பாள். உண்டோம் என்று காடு சொன்னால் சரிவு அடுத்த ஆண்டும் அவளுடையது. இல்லையென்றால் அது கைமாறும்.

செம்பட்டை குரலைத் தாழ்த்தினான். "நான் சரிவைக் கேட்கப்போகிறேன். காட்டுப்பன்றிகளை இறக்கினால் ஒரே வாரத்தில் புரட்டிவிடலாம். உனக்கு ஏன் இந்தப் பாடு? மழைக்கு முன்னால் குட்டிகளுக்கு வேறு வளை பார்த்துக்கொள்."

சிலுப்பி பதில் சொல்ல நினைத்தபோது முள்தான் எழுந்தது. கிழங்குகளை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

கோடை முற்றிக்கொண்டிருந்தது. குளம் ஒவ்வொரு நாளும் கரையை விட்டு ஓர் அடி விலகிப் போனது, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகும் விருந்தாளியைப் போல. சிலுப்பி வளை வாசலில் உட்கார்ந்து, விற்காத கிழங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டிகள் இரண்டும் அவற்றை உருட்டி விளையாடின.

தலைக்கு மேலே இலுப்பை மரத்தில் ஒரு குக்குறுவான் பறவை கூவியது. அடுத்த மரத்துக் குக்குறுவான் அதை வாங்கிக் கூவியது. அதற்கடுத்த மரம், அதற்கும் அடுத்த மரம். தெற்குச் சரிவில் தொடங்கும் கூவல், ஓர் இலை உதிர்ந்து தரையைத் தொடுவதற்குள் வடக்கு மலையைத் தொட்டுவிடும். அந்தக் காட்டின் சேதியெல்லாம் அப்படித்தான் போய்வந்தது.

அன்றைக்கு வந்த சேதி இது: "வடக்கு மலைக் கடமான் கிளையப்பருக்குக் கால் வீக்கம். சந்தைக்கு வரவில்லை. தாகம் தாகம் என்கிறார்."

அடுத்த சேதி: "ஆற்று மேட்டு மயில் அடைகாக்கிறாள். முட்டையை விட்டு எழ முடியாது. பசி."

சிலுப்பி இத்தகைய சேதிகளைப் பிறந்த நாள் முதல் கேட்டு வந்திருக்கிறாள். அன்றுதான் காதில் வாங்கினாள். சந்தைக்கு வர முடியாதவர்கள் காட்டில் எத்தனை பேர்! கால் வீங்கியவர்கள், அடைகாப்பவர்கள், நேற்றுக் குட்டி போட்டவர்கள், கூட்டத்தைக் கண்டு கூசுபவர்கள். 'அவர்கள் என்னிடம் வரவே வேண்டாமே. கிழங்கு அவர்களிடம் போனால் என்ன? அங்கே என் முள்ளும் இருக்காது' என்று நினைத்தாள்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "ஏய் குக்குறுவான், நான் ஒன்று சொன்னால் கூவுவாயா?"

"கூவாதே என்று சொன்னால்தான் எங்களுக்குக் கஷ்டம்" என்றது குக்குறுவான்.

"அப்படியென்றால் கூவு. கிழங்குச் சரிவுச் சிலுப்பி கடை திறந்திருக்கிறாள். வேண்டியதைக் கூவிச் சொல்லுங்கள். கிழங்கு உங்கள் வாசலுக்கு வரும்."

சேதி மரம் மரமாகத் தாவி ஓடியது. உச்சிப் பொழுதுக்குள் பதில் வந்தது. கிளையப்பர் கேட்டிருந்தார்: "தண்ணீர்விட்டான் கிழங்கு இரண்டு வேண்டும். ஆனால் மோந்து பார்க்காமல் எப்படி வாங்குவது? எங்கள் வம்சத்தில் அந்தப் பழக்கம் கிடையாது."

சிலுப்பி சற்று நேரம் மண்ணைக் கிளறியபடி யோசித்தாள். பிறகு சொன்னாள்: "இங்கே நான் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து அனுப்புகிறேன். அங்கே வாசலில் நீங்களும் மோந்து பாருங்கள். மூக்குக்குப் பிடிக்காவிட்டால் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு வருத்தம் இல்லை."

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கொண்டுபோவது யார்?

முதலில் ஒரு குரங்கிடம் கொடுத்தாள். அது பாதி வழியில் ஒரு கிழங்கைத் தின்று, மற்றதைக் கடித்துப் பார்த்து, "நல்ல கிழங்கு, தைரியமாக அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஒரு முயலிடம் கொடுத்தாள். முயல் ஓடியது உண்மைதான். ஆனால் கிழங்கு போய்ச் சேர்ந்த இடம் முயலின் வயிறு.

'கிழங்கு தின்கிறவன் கையில் கிழங்கைக் கொடுத்தால் அவனைக் குறை சொல்லக் கூடாது' என்று நினைத்துக்கொண்டாள் சிலுப்பி. 'கிழங்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் வேண்டும்.'

சரிவின் உச்சியில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அதில் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு தனியாக உட்கார்ந்திருந்தான். ஒரு காலத்தில் அந்த மரத்தில் இடம் பிடிக்கக் கழுகுகள் சண்டை போடும். இப்போது கிளைகள் நிறைய, கழுகு ஒன்று.

"பாறு அண்ணே, கிழங்கு சாப்பிடுவீர்களா?"

பாறு மொட்டைத் தலையைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். "என்னைப் பார்த்தால் கிழங்கு தின்கிறவன் மாதிரியா இருக்கிறது? இவ்வளவு தாழ்ந்து போகவில்லை, தங்கச்சி."

"நீங்கள்தான் எனக்கு வேண்டும்" என்றாள் சிலுப்பி. விஷயத்தைச் சொன்னாள். சரிவு, நரி, குட்டிகள், முதல் மழை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பாறு காலியாகக் கிடந்த கிளைகளைப் பார்த்தான். "நான் ஒரு வாசலில் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? யார் செத்தது என்று கேட்பார்கள். அல்லது யார் சாகப்போகிறார்கள் என்று கேட்பார்கள். வா என்று யாரும் சொன்னதில்லை."

"என்னையும்தான் யாரும் கிட்டே வா என்று சொன்னதில்லை. கூலி என்ன வேண்டும், சொல்லுங்கள்."

"ஒரு வாசலில் ஒருமுறை, 'வா' என்று கேட்டால் போதும்."

"அதை நான் தர முடியாது அண்ணே. கிழங்குதான் தர வேண்டும்."

"சரி, கட்டு" என்றான் பாறு.

மரத்தடியில் தூக்கணாங்குருவிகள் கைவிட்ட கூடுகள் உதிர்ந்து கிடந்தன. அவற்றில் உறுதியானதாக ஒன்றை எடுத்து, உள்ளே மந்தாரை இலையில் சுற்றிய கிழங்குகளை வைத்து, ஓணான்கொடியால் வாயைக் கட்டி, சிலுப்பி அதைப் பாறுவின் கழுத்தில் மாட்டினாள். மாட்டும்போது அவள் முள் எழவில்லை. அதை அவள் கவனிக்கவும் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் பாறு திரும்பி வந்தான். கூடு கழுத்தில் கனமாகத் தொங்கியது. சிலுப்பி எதிரே ஓடினாள்.

"திருப்பி அனுப்பிவிட்டாரா?"

"கேள். நான் போய் இறங்கியதும் கிளையப்பர், 'நான் இன்னும் சாகவில்லை, அடுத்த வாரம் வா' என்றார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"'கிழங்கு வந்திருக்கிறது ஐயா' என்றேன். அவர் நம்பவில்லை. மருமகளைக் கூப்பிட்டு, 'எனக்கு மூச்சு வருகிறதா, பார்' என்றார். அந்தப் பெண் அவர் மூக்கில் காதை வைத்து, 'வருகிறது மாமா, வழக்கத்தைவிடப் பலமாகவே வருகிறது' என்றாள். அப்புறம்தான் கூட்டை மோந்தார். மோந்துகொண்டே இருந்தார். இலையோடு சேர்த்துத் தின்றார்."

"அப்புறம் இதற்குள் என்ன கனம்?"

பாறு கூட்டைக் கவிழ்த்தான். கிளையப்பர் சென்ற ஆண்டு உதிர்த்த கொம்பின் ஒரு துண்டு விழுந்தது. முள்ளம்பன்றிகளுக்குக் கொம்பைக் கொறிப்பது எவ்வளவு பிடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. குட்டிகள் இரண்டும் அதன்மேல் பாய்ந்தன.

மறுநாள் ஐந்து வாசல்களிலிருந்து கூவல் வந்தது. அதற்கு மறுநாள் பதினொன்று. சிலுப்பி விடியலில் தோண்டுவாள். காலையில் ஒவ்வொரு கிழங்கையும் மோந்து பார்த்துப் பிரிப்பாள். வெயில் ஏறி காற்று எழும்பும் நேரத்தில் பாறு கிளம்புவான். ஆறு சிறகடிப்பில் அவன் மேகத்துக்குப் போய்விடுவான். அங்கிருந்து பார்த்தால் காட்டில் அவனுக்குத் தெரியாத வாசல் கிடையாது. போகப் போக, சிலுப்பி மோந்ததே போதும் என்று வாசல்களில் யாரும் மோந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டார்கள். குட்டிக்குப் பால் குறைந்த புள்ளிமானுக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு போயிற்று. கூட்டத்தைக் கண்டால் ஒளியும் சருகுமானுக்கு நன்னாரி வேர் போயிற்று. கரடி மூக்காயிகூட, மூக்கு ஆறியதும், கொஞ்சம் வெட்கத்தோடு கூவிச் சொன்னாள்: "மூன்று வள்ளிக்கிழங்கு. முள் வேண்டாம்."

ஒரு நாள் பாறு திரும்பி வந்து, சிறகை மடக்காமலே பட்ட மரத்தில் உட்கார்ந்தான்.

"என்ன அண்ணே, சிறகு வலியா?"

"ஆற்று மேட்டு மயிலின் முட்டைகள் பொரிந்துவிட்டன" என்றான் பாறு. "நான் இறங்கியதும் ஐந்து குஞ்சுகளும் ஓடிவந்தன. 'அம்மா, பாறு மாமா வந்தாச்சு' என்றன. அந்தத் தாய், 'வா அண்ணே, நிழலில் உட்கார்' என்றாள்."

சிலுப்பி கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

சிறிது நேரம் கழித்துப் பாறு கேட்டான்: "நாளைக்கு ஆற்று மேட்டுப் பக்கம் ஏதாவது இருக்கிறதா?"

அவளிடம் வாங்கியவர்களில் குளக்கரைக்குத் தண்ணீர் குடிக்க வர முடிந்த சிலர் அங்கே நின்ற வேங்கை மரத்தில் நகத்தாலோ கொம்பாலோ ஒரு கீறல் போட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். 'சிலுப்பியிடம் வாங்கினேன், நன்றாக இருந்தது' என்று அதற்குப் பொருள். வேங்கைப் பட்டையைக் கீறினால் சிவப்புப் பால் கசியும். அந்தச் சிவப்பைப் பார்த்துப் புதியவர்களும் கூவினார்கள்.

செம்பட்டை அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். சந்தையில் கூட்டம் குறைந்திருந்தது. முதல் மழைக்கு இன்னும் சில நாள்களே இருந்தன.

"இது என்ன பெரிய வித்தையா?" என்றான். அன்றைக்கே ஒரு குக்குறுவானைப் பிடித்தான். "நரிக் கடை! நரிக் கடை! ஒரு கிழங்கு கேட்டால் இரண்டு வரும். சிலுப்பி நாளைக்கு அனுப்புவதை நாங்கள் இன்றைக்கே அனுப்புவோம்!"

குக்குறுவான்களுக்கு நரியும் ஒன்றுதான், முள்ளம்பன்றியும் ஒன்றுதான். கூவின.

அதோடு நிற்கவில்லை அவன். யாரும் இல்லாத மத்தியானத்தில் வேங்கை மரத்தின் மறுபக்கத்துக்குப் போய், நகத்தால் கீறு கீறென்று கீறினான். மேலே இலைச்சாற்றில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் போட்டான். இது கரடி, இது காட்டெருமை, இது யானை. பார்த்தவர்கள், "அடேயப்பா, யானையே நரிக் கடையில் வாங்கியிருக்கிறாளே" என்று வாயைப் பிளந்தார்கள்.

சிலுப்பியின் கூவல்கள் பாதியாகக் குறைந்தன. மறுநாள் அதிலும் பாதி. கேட்ட சிலரும், "இன்றைக்கே வருமா?" என்று கேட்டார்கள்.

வானத்தின் மேற்கு ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. சிலுப்பி பதறிப்போனாள். அன்று இருட்டோடு எழுந்து தோண்டினாள். தோண்டிய கையோடு கூட்டில் திணித்துக் கட்டினாள். பன்னிரண்டு வாசலுக்குப் பன்னிரண்டு பொதிகள். பாறு நான்கு நடை பறந்தான்.

மத்தியானம் குட்டிகளுக்கு வைத்திருந்த கிழங்கை, ஊட்டுவதற்கு முன் அவள் ஒரு கடி கடித்துப் பார்த்தாள். தொண்டையில் ஆயிரம் எறும்புகள் ஊர்ந்தன. அது வள்ளி அல்ல, காட்டுக் கருணை. கோடையில் இரண்டுக்கும் தழை காய்ந்துவிடும். மண் அப்பியிருந்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மூக்குக்கு மட்டும்தான் வேறு. அன்று அவள் ஒன்றைக்கூட மோந்து பார்க்கவில்லை.

"அண்ணே" என்றாள். குரல் கரகரத்தது. "பொதிகளில் கருணை கலந்துவிட்டது."

பாறு மரத்திலிருந்து இறங்கி வந்தான். வானத்தைப் பார்த்தான். "மழை நாளைக்கு வந்துவிடும், தங்கச்சி. இப்போது வாயைத் திறந்தால் சரிவு போச்சு. நரியும் இன்று பொதி அனுப்பியிருக்கிறான். அரிப்பு எடுத்தவர்கள் அவனைத் திட்டட்டுமே. யாருக்குத் தெரியப்போகிறது?"

சிலுப்பி குட்டிகளைப் பார்த்தாள். இரண்டும் கொம்புத் துண்டைப் பங்கு போட்டுக்கொண்டு கொறித்தன. சரிவைப் பார்த்தாள். அதில் தான் தோண்டாத குழி எதுவும் இல்லை.

"சந்தையில் ஒவ்வொருவரும் தன் மூக்கை நம்பி வாங்கினார்கள்" என்றாள் மெதுவாக. "என்னிடம் வாங்குகிறவர்கள் அந்த மூக்கை என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் அண்ணே. அதைத் தொலைத்துவிட்டுச் சரிவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

பாறு தலையைக் குனிந்துகொண்டான். "நான் சொன்னதை மறந்துவிடு. கூட்டைக் கட்டு."

சிலுப்பி இலுப்பை மரத்தடியில் நின்று உரக்கச் சொன்னாள்: "சிலுப்பி சொல்கிறேன். இன்றைக்கு என் கடையிலிருந்து வந்த கிழங்கை யாரும் தின்னாதீர்கள். காட்டுக் கருணை கலந்திருக்கிறது. மோந்து பார்க்காமல் அனுப்பினேன். தவறு என்னுடையது. தின்றிருந்தால் உடனே புளியங்காயை மெல்லுங்கள், அரிப்பு அடங்கும். பழைய பொதியைப் பாறு அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார். நல்ல கிழங்கும் அவரே கொண்டுவருவார்."

காடு முழுக்க அவளுடைய தவறு கூவிக்கொண்டே போனது. வடக்கு மலை வரை போனது. குளக்கரையில் செம்பட்டை அதைக் கேட்டு மண்ணில் புரண்டு சிரித்தான்.

"தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்! என் வேலை மிச்சம்" என்றான்.

அன்று மாலை வரை பாறு பறந்தான். ஒவ்வொரு கிழங்கையும் சிலுப்பி இரண்டு முறை மோந்து பார்த்தாள்.

மறுநாள் காலை இடி இடித்தது. பெரியபிடி தன் கூட்டத்தோடு குளக்கரைக்கு வந்தாள். சந்தைக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். சிலுப்பி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"கிழங்குச் சரிவை இந்தக் கோடையில் தோண்டியவள் சிலுப்பி" என்றாள் யானை. "இவள் தோண்டியதை உண்டீர்களா?"

செம்பட்டை முந்திக்கொண்டான். "தாயே, இங்கே நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். கையைத் தூக்கச் சொன்னால் பத்துக் கைகூட எழாது. எழுகிற கையும் அரிப்பைச் சொறிகிற கையாக இருக்கும். நேற்று இவள் காட்டுக்கே கருணையை ஊட்டினாள். நான் சொல்லவில்லை, அவளே கூவினாள்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியபிடி சிலுப்பியைப் பார்த்தாள். "உண்மையா?"

"உண்மைதான் தாயே."

"உண்மையேதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரடி மூக்காயி முன்னே வந்தாள். "நேற்று என் மகள் கிழங்கை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் கூவல் கேட்டது. தட்டிவிட்டேன். அவள் சொல்லாவிட்டால் என் பிள்ளை தொண்டை வீங்கித் துடித்திருக்கும். நரிக் கடைப் பொதியும் நேற்று வந்தது தாயே. கேட்டது ஒன்று, வந்தது இரண்டு. ஒன்று அழுகல், இன்னொன்று கல். திருப்பிக் கொடுக்கப் போனால், 'நரி ஊரில் இல்லை' என்று நரியே சொன்னான்."

"பொறாமை!" என்றான் செம்பட்டை. "என் கடையின் பெருமைக்கு இந்த வேங்கை மரமே சாட்சி. தாயே, உங்கள் குறிகூட இதில் இருக்கிறது."

பெரியபிடி மரத்தைச் சுற்றிவந்து பார்த்தாள். கரடியின் கீறல், காட்டெருமையின் கீறல், யானையின் கீறல். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், அவளுடைய முழங்காலுக்குக் கீழே இருந்தன.

"நான் எப்போது மண்டி போட்டுக்கொண்டு கீறினேன், செம்பட்டை?" என்று கேட்டாள். "என் நகம் எப்போது உன் நகத்தைப் போல இவ்வளவு மெல்லியதாகிவிட்டது?"

காட்டெருமை மூக்கை வைத்து மோந்துவிட்டு, "எல்லாம் நரி" என்றது. இந்த முறை சிரிப்பு செம்பட்டையைப் பார்த்து எழுந்தது.

அவன் அசரவில்லை. "நான் பொய்யனாகவே இருக்கட்டும். கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே? காடு உண்டது என்று இங்கே யார் சொன்னார்கள்? ஒரு கரடி காடாகிவிடுமா?"

பெரியபிடி யோசித்தாள். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சிலுப்பியிடம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் குளக்கரைக்கு வர முடியாதவர்கள். அதனால்தான் அவர்கள் அவளிடம் வாங்கினார்கள்.

"வராதவர்களை நான் எப்படிக் கேட்பது?" என்றாள் யானை.

"அப்படியே கேளுங்கள் தாயே" என்றாள் சிலுப்பி. அத்தனை முகங்கள் அவளைப் பார்த்தன. அவள் பேசினாள். "என்னிடம் கேட்பதைப் போலவே கேளுங்கள். மேலே குக்குறுவான் இருக்கிறது."

பெரியபிடி துதிக்கையை உயர்த்திக் கேள்வியைச் சொன்னாள். வேங்கை மரத்துக் குக்குறுவான் அதை எடுத்துக் கூவியது. கேள்வி மரம் மரமாக ஓடி மறைந்தது. குளக்கரை அமைதியானது. ஒரு மழைத்துளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

முதல் பதில் வடக்கு மலையிலிருந்து வந்தது. "கிளையப்பர் உண்டேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நான் இன்னும் சாகவில்லை."

அடுத்தது ஆற்று மேடு. "உண்டோம், நானும் என் ஐந்து பிள்ளைகளும்."

அதற்குப் பிறகு பதில்கள் வரிசையில் வரவில்லை. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் புதருக்குள்ளிருந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. உண்டோம். உண்டேன். நேற்று அரித்தது, புளியங்காய் மென்றேன், போய்விட்டது, நாளைக்கு இரண்டு அனுப்பு. யாரும் பார்த்தே இராத சருகுமான்கூடச் சொன்னது, மிக மெல்லிய குரலில்: "உண்டேன்." குக்குறுவான்களுக்கு மூச்சு வாங்கியது. மேலே மழை கொட்டத் தொடங்கியது. அப்போதும் பதில்கள் நிற்கவில்லை.

"போதும்" என்றாள் பெரியபிடி. "சந்தை ஊட்டியதைவிட இவள் அதிகம் ஊட்டியிருக்கிறாள். சரிவு சிலுப்பியுடையது. அடுத்த ஆண்டுக்கு மட்டுமல்ல. அவள் போதும் என்று சொல்லும் வரை."

மூக்காயி குட்டிகளில் ஒன்றைத் தூக்கித் தலைக்கு மேலே சுற்றினாள். காட்டெருமை சேற்றில் குதித்தது. பாறு மழையில் நனைந்து, கழுத்து இன்னும் மொட்டையாகத் தெரிய, பட்ட மரத்தைப் போல நிமிர்ந்து நின்றான். எல்லோரும் அவனைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்கள். சிலுப்பியைச் சுற்றியும் கூட்டம் நெருக்கியது. அவள் முள் எழுந்தது. எழுந்தால் என்ன, அவர்கள் அதற்கேற்பச் சற்றுத் தள்ளி நின்றே கொண்டாடினார்கள்.

செம்பட்டை எப்போது நழுவினான் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

மழைக்காலத்தின் நடுவில் ஒரு காலை, இலுப்பை மரத்தில் கூவல் வந்தது. "மேற்குக் குன்று. பெயர் சொல்ல விரும்பவில்லை. நன்னாரி வேர் ஒரு கட்டு. வயிறு சரியில்லை. இரண்டு நாளாக அழுகல் தின்றேன்."

பாறு அலகை ஒரு பக்கமாகச் சாய்த்தான். "மேற்குக் குன்றில் வாலைச் சுருட்டிக்கொண்டு யார் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்."

"தெரிந்தால் நல்லது, வழி தேட வேண்டாம்" என்றாள் சிலுப்பி. வேர்க்கட்டை எடுத்து ஒரு முறை மோந்தாள். ஒரு வேர் சற்றுப் பழையதாக இருந்தது. அதை உருவி எறிந்துவிட்டுப் புதியதாக ஒன்றைச் செருகினாள். பிறகு கூட்டின் வாயை இறுகக் கட்டினாள்.

"சீக்கிரம் கிளம்புங்கள் அண்ணே. காற்று எழும்பிவிட்டது."

நேரில் காணாமல் வாங்குகிறவர் நம்மிடம் வாங்குவது பொருளை அல்ல, நம் நேர்மையை. அதைப் பழுதின்றிக் கொண்டுசேர்ப்பவருக்குக் காடெல்லாம் கடைவீதி.